வலது பக்கம் பாக்கி

அன்புத் தங்கை சிட்டுவுக்கு,

ஆண்டவன் கருணையால் உன் அக்கா எழுதுவது. உன் உடம்பும் மனசும் கையும் கத்திரியும் நன்றாக இருக்க வேண்டும் என்று காலையிலும் மாலையிலும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். கத்திரியைத் தனியாகப் பெயர் சொல்லியே கேட்கிறேன். இங்கே என் நலத்துக்கு ஒரு குறையும் இல்லை, தலையில் வலது பக்கத்தைத் தவிர. உன் அத்தானுக்கு ஆபரேஷன் செய்த கண் தேறி வருகிறது. தூரத்தில் இருப்பதெல்லாம் பளிச்சென்று தெரிகிறதாம், பக்கத்தில் இருக்கிற நான்தான் கொஞ்சம் மங்கலாம். இருக்கட்டும். இப்போது என்னைப் பளிச்சென்று பார்த்து அவருக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். கடை திறந்த அன்றிலிருந்து நீ என் போனை எடுக்கவில்லை. முதலில் வேலை அதிகம் என்று நினைத்தேன், அப்புறம் கோபம் என்று நினைத்தேன், அப்புறம் நினைப்பதை நிறுத்திவிட்டுப் பாத்திரம் தேய்த்தேன். நான் வீட்டுக் கணக்கு எழுதுகிறவள். காரணம் தெரியாத ஒரு வரி கணக்கில் நின்றால் எனக்கு அன்றைக்கு வேறு வேலை ஓடாது. நீ பேசாமல் இருப்பது அப்படி ஒரு வரி. நேற்று உன் அத்தான் உன் கடைப் பக்கம் நடந்து போய்விட்டு வந்தார். ஷட்டர் பாதி இறங்கியிருக்கிறதாம், வாசலில் ஒரு செருப்புகூட இல்லையாம், உள்ளே சுத்தியல் சத்தம் கேட்கிறதாம். "கழட்டுறாங்க போல" என்றார், சட்டை பட்டனைப் பற்றிச் சொல்வதுபோல. அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. முதல் வாடிக்கையாளர் பாதித் தலையோடு எழுந்து போன கடை உருப்படாது என்று யாராவது சொல்லி, நீயும் அதை நம்பி, கஷ்டப்பட்டுப் போட்ட கடையைக் கழற்றுகிறாய் என்றால், வேண்டாம் சிட்டு. கழற்றாதே. அதற்காகத்தான் இந்தக் கடிதம். மன்னிப்புக் கேட்பதற்கு அல்ல. கேட்கிற அளவுக்கு நானும் தப்புச் செய்யவில்லை, நீயும் செய்யவில்லை. நடந்தது என்ன, இனி செய்ய வேண்டியது என்ன, இந்த இரண்டையும் சொல்லிவிட்டுப் போய்விடுகிறேன்.

உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன், உன் கூட்டாளியான அந்த உயரமான அம்மாவுக்கு வாசித்துக் காட்ட வசதியாக இருக்கும். எனக்கு ஆட்டிசம் என்று டாக்டர் சொன்னது பிள்ளைகள் படித்து முடித்து வேலைக்குப் போன பிறகுதான். அதற்கு முன்பே நூலகத்திலிருந்து புத்தகம் எடுத்துவந்து, அடுப்படியில் நின்றபடியே படித்து, நானாகவே கண்டுபிடித்துவிட்டேன்; டாக்டர் கையெழுத்து மட்டும் போட்டார். அன்றைக்கு நீ அழுதாய். எனக்கு அழுகை வரவில்லை, பசிதான் வந்தது. எதிர்வீட்டு அம்மா, "இத்தனை வயசுக்கு மேலயா வந்துச்சு?" என்று கேட்டார். "அது எப்பவோ வந்துடுச்சு, பேருதான் இப்ப வந்திருக்கு" என்றேன். முடி வெட்டினால் வலிக்காது என்று எல்லோரும் எனக்கு எடுத்துச் சொல்கிறார்கள். வலிக்காதுதான். ஆனால் காதுப் பக்கம் கத்திரி மூடும் சத்தம் எனக்குக் காதில் கேட்பதில்லை, பல்லில் கேட்கிறது. சீப்பு மண்டையில் ஓடினால் அது முதுகுத்தண்டு வரைக்கும் போய்விட்டுத்தான் திரும்புகிறது. வெட்டிய முடி கழுத்தில் விழுந்தால், துணிக்குள் குண்டூசி டப்பாவைக் கவிழ்த்த மாதிரி. அப்படியானால் வெட்டாமல் வளர்த்துக்கொள்ளுங்களேன் என்பார் உன் கூட்டாளி. வளர்ந்த முடி கழுத்தைத் தொடுகிறது, தொட்டுக்கொண்டே இருக்கிறது, நாள் முழுக்க யாரோ எனக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு நிற்கிற மாதிரி. ஆக வெட்டினாலும் செலவு, வெட்டாவிட்டாலும் செலவு. எதில் செலவு குறைவு என்று பார்த்துத்தான் நான் குட்டை முடிக்காரியாக இருக்கிறேன். இதில் பாவப்பட ஒன்றும் இல்லை. சிலருக்கு வெயில் ஒத்துக்கொள்ளாது, குடை பிடிக்கிறார்கள். எனக்கும் குடை இருக்கிறது, பிடித்துக்கொள்ள விட்டால் போதும்.

இத்தனை வருஷம் எனக்கு உன் அத்தான்தான் வெட்டினார். நிலம் அளந்து சம்பாதித்த மனுஷன், பின்னங்கழுத்தில் நேர்கோடு பார்க்காமல் கத்திரியை எடுக்கமாட்டார். வாயைத் திறக்கவும் மாட்டார், அதுதான் முக்கியம். குளியலறையில் பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்து நான் பிரார்த்தனையை ஆரம்பிப்பேன். அது முடியும்போது அவர் வேலையும் முடிந்திருக்கும். முடியாவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிப்பேன். ஒரே விஷயத்தை இரண்டு தடவை கேட்டால் ஆண்டவன் கோபித்துக்கொள்ளமாட்டார், அவருக்கு என்னைத் தெரியும். அப்படியே தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டு எழுந்து வந்தால் தீர்ந்தது. அழகாக இருக்குமா என்று கேட்டால், எல்லைக்கல் நட்ட மாதிரி இருக்கும். எனக்கு அது போதும். ஆனால் கண் மங்க ஆரம்பித்த பிறகு, ஒரு நாள் என் காது மடலைப் பிடித்துக்கொண்டு, "இது ஏன் வெட்டுப்பட மாட்டேங்குது, நகராம இரு" என்றார். "நான் நகரல, அது காது" என்றேன். அன்றோடு அவர் அந்த வேலையிலிருந்தும் ஓய்வு பெற்றார்.

நான் என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் நீ முடி வெட்டும் கடை போடப்போவதாகச் சொன்னாய்.

"அக்கா, முதல் கத்திரி உன் தலையிலதான் வைக்கப்போறேன்."

"ஊர்ல வேற தலையே இல்லையா? ஒழுங்கா உக்கார்ற தலையா ஒண்ணு பாரு."

"எனக்கு உன் தலைதான் வேணும். எப்படி வெட்டணும்னு சொல்லு, எழுத்துக்கு எழுத்து அப்படியே வெட்டுறேன்."

சொன்னேன். நீ மட்டும்தான் தொட வேண்டும். முதலில் பின்பக்கம், அப்புறம் இடது பக்கம், அப்புறம் வலது பக்கம். தண்ணீர் தெளிக்கும் முன் சொல்ல வேண்டும். ஊதி உலர்த்தும் மெஷினைக் கண்ணால்கூடக் காட்டக் கூடாது. கழுத்தைச் சுற்ற என் பழைய துண்டை நானே கொண்டுவருவேன். வெட்டும்போது யாரும் பேசக் கூடாது, நானும் ஆண்டவனும் பேசிக்கொண்டிருப்போம். நீ எல்லாவற்றுக்கும் சரி சரி என்றாய். எழுத்துக்கு எழுத்து அப்படியே செய்தாய் என்பதற்கு நான் சாட்சி, இதை யாரிடம் வேண்டுமானாலும் சொல்வேன்.

அன்று நடந்ததை ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்கிறார்கள். நடந்தது இதுதான். நான் வந்து நாற்காலியில் உட்கார்ந்ததும் உன் கூட்டாளி ரொம்ப மரியாதையாக, "மேடம், எப்படி வெட்டணும்?" என்று கேட்டார். "கத்திரியால" என்றேன். வந்திருந்தவர்கள் சிரித்தார்கள். எதற்குச் சிரித்தார்கள் என்று இன்னும் எனக்குத் தெரியாது. "ஸ்டைல் எப்படின்னு கேட்டேன் மேடம்." "வெட்டினதே தெரியக் கூடாது, ஆனா முடி இருக்கக் கூடாது" என்றேன். நீ அவரைக் கண்ணால் அடக்கிவிட்டு அந்தக் கறுப்புத் துணியைப் போர்த்தினாய், துண்டைச் சுற்றினாய், "அக்கா, தண்ணி" என்றாய், தெளித்தாய். நான் கண்ணை மூடிப் பிரார்த்தனையை ஆரம்பித்தேன். எனக்குள்ளேயே சொல்வதாகத்தான் நினைப்பு, ஆனால் கத்திரி பக்கத்தில் வரும்போது என் குரல் தானாக ஏறிவிடும் என்று உன் அத்தான் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். கடை திறப்புக்கான பிரார்த்தனை என்று நினைத்து வந்தவர்கள் எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்களாம். டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்களாம். பின்பக்கம் முடிந்தது. இடது பக்கம் முடிந்தது. சிட்டு, உன்னைப் புகழ்வதற்காகச் சொல்லவில்லை, அது கை அல்ல. முடிக்கே தெரியாமல் வெட்டுகிறாய். இந்தத் தலை பிறந்ததிலிருந்து அவ்வளவு நிம்மதியாக யாரிடமும் இருந்ததில்லை. பிரார்த்தனை அங்கேயே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அது முடிந்ததும் நின்றவர்கள் உட்கார்ந்தார்கள், நாற்காலிகள் கிறீச்சென்றன, விழா முடிந்தது என்று எண்ணி யாரோ கை தட்டினார்கள், யாரோ போட்டோ எடுத்தார்கள், மூடிய கண்ணுக்குள்ளேயே வெள்ளையடித்தது, யாரோ வாசனைத் தண்ணீரைப் பீச்சினார்கள், உன் கூட்டாளி "இதுதான் எங்க புது மெஷின்" என்று எல்லோருக்கும் காட்ட அந்த உலர்த்தியைப் போட்டார். மெஷின் ஒரு கையில் கத்திக்கொண்டிருக்க, பாவம், நல்ல மனசோடுதான், இன்னொரு கையின் ஐந்து விரலையும் என் தலைக்குள் விட்டு, "ஓனரோட அக்காவுக்கு ஹெட் மசாஜ் ஃப்ரீ" என்று பிசைந்தார்.

ஓடினேன் என்கிறார்கள். ஓடவில்லை. நடந்தேன். மூக்குக்கண்ணாடியும் செருப்பும் இல்லாமல் கொஞ்சம் வேகமாக நடந்தேன். நீ பின்னாலிருந்து, "அக்கா, வலது பக்கம் பாக்கி" என்று கூப்பிட்டது மட்டும் கேட்டது. கறுப்புத் துணி பின்னால் பறந்துகொண்டு வந்ததால் நடைபாதையில் எல்லோரும் ஒதுங்கி வழிவிட்டார்கள். பத்திரிகை விற்கிற ஆள், "வக்கீலம்மா, இன்னைக்கு கோர்ட் உண்டா?" என்று கேட்டார். "தெரியாது" என்றேன். தெரியாததைத் தெரியாது என்று சொல்வதுதான் முறை. அதற்குள் உன் கடைக்கு நாலு கடை தள்ளி ஒரு கண்ணாடிக் கதவு திறந்திருந்தது, உள்ளே போய்விட்டேன்.

அது மெத்தைக் கடை. சிட்டு, நீ அந்தக் கடைக்குள் போயிருக்கிறாயா என்று எனக்குத் தெரியாது. அங்கே சத்தம் கிடையாது. தெருவில் லாரி போகிறது, கண்ணுக்குத் தெரிகிறது, காதுக்கு வரவில்லை. சுவர் தெரியாமல் மெத்தைகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள், வந்த சத்தத்தையெல்லாம் அவை குடித்துவிடுகின்றன. கடைக்காரர் அளவாகப் பேசும் மனுஷன்.

"என்ன மெத்தை பாக்குறீங்க?"

"சத்தம் இல்லாத மெத்தை."

"ஸ்பிரிங் வேண்டாம்னா ஸ்பாஞ்சு இருக்கு. படுத்துப் பாருங்க."

இரண்டு அடுக்குக்கு நடுவில் இருந்த ஒரு மெத்தையில் குப்புறப் படுத்துவிட்டேன். என் தலையில் ஒரு பக்கம் முடி இருக்கிறது, ஒரு பக்கம் இல்லை, மேலே கறுப்புத் துணி, காலில் செருப்பு இல்லை. மனுஷன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு தம்பதி வந்து, "அவங்களுக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டபோது, "டெஸ்ட் பண்றாங்க" என்று மட்டும் சொன்னார். அந்தத் தம்பதி அதே மாதிரி மெத்தையைத்தான் வாங்கிக்கொண்டு போனார்கள். இவ்வளவு நன்றாகத் தூங்க வைக்கிற மெத்தை வேறு எங்கும் இல்லை என்று. அப்புறம் உன் அத்தான் என் கண்ணாடியையும் செருப்பையும் எடுத்துக்கொண்டு வந்தார், பக்கத்து மெத்தையில் உட்கார்ந்தார், சும்மா எழுந்துபோவது மரியாதை இல்லை என்று ஒரு தலையணை வாங்கினார். நான் எழுந்து, நன்றாக இருக்கிறது என்று சொல்லி, வீட்டுக்கு வந்துவிட்டேன். அன்று முழுக்க யாரோடும் பேசவில்லை. அது கோபம் இல்லை. பெரிய செலவுக்குப் பிறகு கை இறுக்குவது எல்லா வீட்டிலும் உள்ளதுதானே. மறுநாள் காலையில் நான் பழைய ஆளாகி, உனக்கு முதல் போன் போட்டேன்.

இப்போது உன் பக்கத்துக் குறைக்கு வருகிறேன். நான் பாதித் தலையோடு வெளியே போய் உன் கடைப் பேரைக் கெடுக்கிறேன் என்று நீ யாரிடமோ வருத்தப்பட்டாயாம், அது எப்படியோ உன் அத்தான் காதுக்கு வந்துவிட்டது. வெளியே போவது உண்மை. வீட்டுக்குப் பால் வேண்டும், மருந்து வேண்டும், பிரார்த்தனைக் கூடத்துக்குப் போக வேண்டும். போகிற இடத்தில் எல்லாம், "ஐயோ, யார் இப்படி வெட்டினது?" என்று கேட்கிறார்கள். "என் தங்கச்சி. புதுசா கடை போட்டிருக்கா, மெத்தைக் கடைக்கு நாலு கடை தள்ளி. கை அவ்ளோ மென்மை" என்று விலாசத்தோடு சொல்கிறேன். உன் அத்தான் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அப்படிச் சொல்லாத. அவ வியாபாரம் என்ன ஆகும்?"

"பொய் சொல்லச் சொல்றீங்களா?"

"பொய் வேண்டாம். பாதியை மட்டும் சொல்லு."

"பாதியைத்தானே காட்டிக்கிட்டு இருக்கேன்."

வேறு யாரிடமாவது போய் மீதியை வெட்டிக்கொள்ளலாமே என்று அவர் கேட்டார். முடியாது. முதல் கத்திரி என் தலையில் வைப்பேன் என்று நீ ஆசையாகச் சொன்ன வேலை இது. பாதியை நீ வெட்டி மீதியை வேறு ஒருத்தர் வெட்டினால், உன் கடையின் முதல் வேலை என்றைக்கும் முடியாத வேலை ஆகிவிடும். நீ முடிக்கும் வரைக்கும் இது இப்படியே இருக்கும். எனக்கு வெட்கம் இல்லை. இடது பக்கம் படுத்தால் தலையணை குளிர்ச்சியாக இருக்கிறது, வலது பக்கம் படுத்தால் இல்லை, இதைத் தவிர எனக்கு வேறு வித்தியாசமும் தெரியவில்லை.

செய்ய வேண்டியது இதுதான். உன் கடைக்கு நான் வரமாட்டேன். அந்த உலர்த்தி இருக்கிற அறையில் என் தலை இனி உட்காராது. நீ மெத்தைக் கடைக்கு வா. திங்கட்கிழமை காலையில் அங்கே கூட்டம் இருக்காது, கடைக்காரரிடம் கேட்டுவிட்டேன். "மெத்தை எல்லாம் பிளாஸ்டிக் உறையிலதான் இருக்கு, முடி உள்ள போகாது. கஸ்டமர் வந்தா என்னன்னு சொல்றது?" என்றார். "டெஸ்ட் பண்றாங்கன்னு சொல்லுங்க" என்றேன். ஒத்துக்கொண்டார். ஆனால் சீக்கிரம் வா. முந்தின தடவை போல அந்தக் கடை அவ்வளவு அமைதியாக இல்லை. மூலையில் குவித்து வைத்திருந்த ஸ்பாஞ்சுத் துண்டு எல்லாம் காணோம். கேட்டால், "ஒரு அம்மா வந்து கழிவு ஸ்பாஞ்சை எல்லாம் வாரிக்கிட்டுப் போறாங்க, பாட்டு ரிக்கார்டிங்குக்கோ என்னவோ" என்கிறார். பாட்டுக்காரிக்கு அவசரம் என்றால் எனக்கும் அவசரம்.

உன் கூட்டாளியைத் திட்டாதே. ஃப்ரீ என்று சொல்லி ஒருவர் கொடுத்தது எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். கடையைக் கழற்றாதே. என் தலையை மனசில் வைத்து ஒரு ஆணியைக்கூடப் பிடுங்காதே. கறுப்புத் துணியைத் துவைத்து, இஸ்திரி போட்டு, இந்தக் கடிதத்தோடு சேர்த்து அனுப்புகிறேன். உன் கை என்றும் நடுங்காமல் இருக்கட்டும், உன் வாசலில் செருப்பு நிறையட்டும், ஆண்டவன் உன்னையும் உன் கடையையும் தன் கண்ணுக்கு நேராக வைத்துக்கொள்ளட்டும். உன் அத்தானும் ஆசி சொல்லச் சொன்னார், தூரத்தில் இருப்பதால் நீ அவருக்குத் தெளிவாகத் தெரிகிறாயாம்.

இப்படிக்கு,
உன் பாசமுள்ள அக்கா

பின்குறிப்பு: மேலே எழுதியது எதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளாதே. தபாலில் போட்டால் நாளாகும் என்று கடிதத்தையும் துணியையும் பையில் போட்டுக்கொண்டு உன் கடைக்கே வந்தேன், ஷட்டருக்கு அடியில் தள்ளிவிட்டுத் திரும்பிவிடலாம் என்று. மீதி உனக்கே தெரியும், இருந்தாலும் உன் கூட்டாளிக்காக எழுதுகிறேன். குனிந்தால் உள்ளே நீ நிற்கிறாய், கையில் சுத்தியல், தலையெல்லாம் ஸ்பாஞ்சுத் தூள்.

"அக்கா, பாக்காத. இன்னும் முடியல."

"எது முடியல? கழட்டறதா?"

"எதைக் கழட்டறது? உன் ரூம். பின்னாடி ஸ்டோர் ரூம். மூணு சுவர் முடிஞ்சிருக்கு."

அந்தப் பாட்டுக்காரி நீதான்.

"போன் ஏன் எடுக்கல?"

"எடுத்தா சொல்லிடுவேன். உன்கிட்ட எனக்கு மறைக்க வராது."

"என்கிட்ட முன்னாடியே சொல்லாம எதுவும் செய்யாதன்னு சொல்லியிருக்கேனா இல்லையா?"

"அதான் இப்ப சொல்றேன். உள்ள வா. உக்காரு. துணி போர்த்தப்போறேன். தண்ணி. வலது பக்கம்."

உட்கார்ந்தேன். மெத்தைக் கடையைவிட அமைதி. இவ்வளவு அமைதியை ஒருத்தி எனக்காக ஆணியடித்து ஆணியடித்துச் செய்திருக்கிறாள் என்று நினைத்ததும், பிரார்த்தனையின் முதல் வரி எனக்கு மறந்துவிட்டது. நீ கத்திரியை மூடினாய். வேறு சத்தமே இல்லாத அந்த அறையில் அது தகரத்தை வெட்டுகிற மாதிரி எல்லாப் பல்லிலும் கேட்டது.

"சிட்டு, கதவைத் திற."

திறந்தாய். தெருவில் லாரி போனது, பத்திரிகைக்காரர் யாரோடோ சண்டை போட்டார், உன் கத்திரி அந்தச் சத்தத்துக்குள் ஒளிந்துகொண்டது, எனக்கு முதல் வரி ஞாபகம் வந்தது. வலது பக்கம் முடிந்தது. நீ சுவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தாய். ஸ்பாஞ்சைக் கழற்றாதே. கதவைத் திறந்துவைத்தால் அதைவிட நல்ல அறை கிடையாது, மேலும் மெத்தைக்காரர் திரும்ப எடுக்கமாட்டாராம், வரும் வழியில் கேட்டுவிட்டேன்.

வீட்டுக்கு வந்து பையைத் திறந்தால் கடிதம் அப்படியே இருக்கிறது, உன்னிடம் கொடுக்க மறந்துவிட்டேன். கறுப்புத் துணியைத் தேடினேன், பையில் இல்லை, என் மேலேயே இருக்கிறது. பத்திரிகைக்காரர் மறுபடியும் கோர்ட்டைப் பற்றிக் கேட்டது அதனால்தான் என்று இப்போதுதான் புரிகிறது. கேஸ் முடிந்துவிட்டது என்று அவரிடம் சொன்னேன்.